வெர்னியர் காட்டும் 0.4 மி.மீ. இடைவெளி: ரிங் மாற்றினால் போதுமா, ரீபோர் வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், ஆயில் குறைகிறது, நீலப் புகை வருகிறது. ஹெட்டையும் (சிலிண்டரின் மேல்மூடி) சிலிண்டரையும் கழற்றி வெர்னியர் வைத்துப் பார்த்தீர்கள், சிலிண்டர் 57.1, பிஸ்டன் 56.7, ஆக இடைவெளி 0.4 மி.மீ. ஒரு மெக்கானிக் பிஸ்டனைச் சுற்றியிருந்து சுவரோடு அடைக்கும் ரிங்கை மாற்றினால் போதும் என்கிறார், இன்னொருவர் ரீபோர், அதாவது சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது, செய்யாமல் மூடவே கூடாது என்கிறார். எவ்வளவு இடைவெளி வரை பரவாயில்லை என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: இந்த அளவு எஞ்சின்களில் புதிதில் பெரும்பாலும் 0.02 முதல் 0.05 வரை இருக்கும், 0.10 அல்லது 0.12-ஐத் தாண்டினால் வேலை வைக்க வேண்டும். ஆனால் அந்த வரி உங்களுக்கு உதவாது, ஏனென்றால் உங்கள் கையில் இருக்கும் 0.4 உண்மையான இடைவெளியே இல்லை என்று நினைக்கிறேன். சிலிண்டர் போரிங் (கடைதல்), ஹோனிங் (கல்லால் சுவரைத் தேய்த்து நேர்த்தியாக்குவது) வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்த 0.4. அவ்வளவு தொளதொளப்பு நிஜமாகவே இருந்திருந்தால் புகைக்கு முன்னால் சத்தம்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்கும். ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து பிஸ்டன் சுவரில் தட்டுவது தெருமுனை வரை கேட்கும். நீங்கள் பிஸ்டனைத் தலைப்பக்கம், ரிங் காடிகளுக்கு அருகில் அளந்திருப்பீர்கள். பிஸ்டன் பார்க்க உருளை போல இருந்தாலும் உருளை கிடையாது. தலைப்பகுதி நெருப்புக்கு நேர் எதிரே இருப்பதால் அதிகம் விரியும், அதனால் அதைச் சில பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சிறியதாகவே செய்கிறார்கள். கீழே ஸ்கர்ட் பகுதியும் வட்டமில்லை, நீள்வட்டம்; பின் (பிஸ்டனுக்குக் குறுக்கே போகும் இணைப்புத் தண்டு) போகும் திசையில் ஒடுங்கியும் அதற்குக் குறுக்கே அகன்றும் இருக்கும். சிலிண்டர் சுவரோடு உரசுவது அந்த அகன்ற திசைதான். எனவே பிஸ்டன் அளவு என்று சொல்ல ஒரே ஒரு இடம்தான் உண்டு: பின் ஓட்டைக்கு 90 டிகிரி குறுக்கே, ஸ்கர்ட்டின் கீழ் விளிம்பிலிருந்து மேனுவல் சொல்லும் உயரத்தில். 10 மி.மீ. என்று பல மேனுவல்களில் இருக்கும், சிலவற்றில் வேறாக இருக்கும், உங்கள் எஞ்சினுக்கு உரியதைப் பாருங்கள். வேறு எங்கே அளந்தாலும் அது சரியான எண்ணாக இருக்கலாம், இடைவெளி கணக்குக்கு ஆகாது.

அடுத்தது வெர்னியர். அதைக் குறை சொல்லவில்லை, பல வேலைக்கு அது போதும், இந்த வேலைக்குப் போதாது. கோடு 0.02 வரை பிரித்துக் காட்டும். ஆனால் சிலிண்டருக்குள் அதன் உள் தாடைகளைச் சரியாக விட்டத்தின் மேல் நிறுத்துவது கஷ்டம், லேசாகச் சாய்ந்தாலோ நடுவிலிருந்து விலகினாலோ எண் மாறும், பழகிய கைக்கே 0.03, 0.05 பிசகுவது சகஜம். நாம் தேடுகிற தேய்மானமே அந்த அளவுதான் என்னும்போது அந்தக் கருவியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிஸ்டனுக்கு 0.01 காட்டும் 50–75 மைக்ரோமீட்டர், சிலிண்டருக்கு உள்விட்டத்தை முள்ளால் காட்டும் டயல் போர் கேஜ், இவை இரண்டும் வேண்டும். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, லேத் பட்டறையில் உட்கார்ந்தே அளந்துவிட்டு வரலாம். இன்னொன்று, வெப்பம். பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டரின் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வெயிலில் கிடந்த 57 மி.மீ. பிஸ்டன், நிழலில் இருக்கும்போது இருந்ததைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் 0.026 மி.மீ. பெரிதாகிவிடும், புதிய எஞ்சினின் இடைவெளியே அவ்வளவுதான். கழுவித் துடைத்து, பிஸ்டனையும் சிலிண்டரையும் கருவிகளையும் ஒரே மேசையில் சில மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் அளவெடுங்கள்.

அளப்பதற்கு முன்னால் கண்ணால் பாருங்கள், பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும். நல்ல வெளிச்சத்தில் சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், தயாரிக்கும்போது ஹோனிங் போட்ட குறுக்கு மறுக்குக் கோடுகள் கீழ்ப்பகுதியில் பெரும்பாலும் தெரியும். அவை மேல்வரைக்கும் மங்காமல் இருந்தால் சிலிண்டர் அநேகமாகப் பிழைத்தது, ஆயில் வேறு எங்கோ போகிறது. ஒரு பக்கம் மட்டும் கோடுகள் அழிந்து கண்ணாடி மாதிரி பளபளத்தால், எரியும் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கம் அது. ஓரளவு வரை அது இயல்பு. சுவர் முழுக்கச் சாம்பல் நிறமாக மங்கி, மெல்லிய செங்குத்துக் கீறல்கள் நெருக்கமாக இருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. ஏர் ஃபில்டரும் கார்புரேட்டருக்கும் ஃபில்டருக்கும் இடையில் இருக்கும் ரப்பர் இணைப்பும் சரிபார்க்காமல் என்ன புதிது போட்டாலும் அதே கதி ஆகும். தனித்தனிக் கீறல் என்றால் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அதை ரிங் மூடாது. தட்டாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டாம். சில சமயம் கீறல் போலத் தெரிவது கீறலே இல்லை, சூடேறிப் பிடித்தபோது பிஸ்டனிலிருந்து அலுமினியம் உருகிச் சுவரில் ஒட்டியது. நைஸ் எமரித் தாளில் ஆயில் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் அது உதிர்ந்துவிடும், அடியில் இரும்பு சுத்தமாக இருக்கும்.

பிஸ்டனும் பேசும். ரிங்குகளுக்குக் கீழே ஸ்கர்ட்டில் பழுப்புக் கறை இறங்கியிருந்தால் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி வருகிறது. ஸ்கர்ட்டின் இரண்டு பக்கமும், பின் ஓட்டைக்கு இரு புறமாக நாலு மூலையிலும் உரசல் இருந்தால், எஞ்சின் சூடாகும் முன்பே விரட்டியிருக்கிறார்கள் அல்லது இடைவெளி குறைவாகப் பொருத்தியிருக்கிறார்கள். நான் தவறாமல் தேடுவது சாய்வான தேய்மானத்தை: ஒரு பக்கம் மேல் இடது மூலையிலும் எதிர்ப் பக்கம் கீழ் மூலையிலும் தேய்ந்திருந்தால் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல் தண்டோடு இணைப்பது) வளைந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் ரீபோர் போட்டுப் புது பிஸ்டன் மாட்டினால் அதுவும் கோணலாகவே ஓடும். இந்தக் குறியைப் பார்க்காமல் அழுக்கோடு பிஸ்டனைத் துடைத்துக் கடாசிவிடுபவர்கள் நிறைய.

சரி, அளவுக்கு வருவோம். சிலிண்டர் சமமாகத் தேயாது. மேலே, முதல் ரிங் திரும்புகிற இடத்தில்தான் அதிகம் தேயும். அங்கே பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புவதால் ஆயில் படலம் மெலிந்துவிடுகிறது, எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு நெரிக்கிறது, சூடும் அங்கேதான் உச்சம். அதற்கும் மேலே சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ரிங் தொடவே தொடாது, ஆகவே அது பழைய அளவிலேயே இருக்கும். விரலை உள்ளிருந்து மேலே இழுத்தால் ஒரு வரப்பு தட்டுப்படுவது இதனால்தான். கீழே ரிங் எட்டாத பகுதியும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மேனுவல் கையில் இல்லாவிட்டாலும் உங்கள் சிலிண்டரே தன் பழைய அளவை அந்த இடங்களில் வைத்திருக்கிறது. ஆகவே ‘மொத்த அளவு என்ன’ என்பதைவிட ‘இடத்துக்கு இடம் எவ்வளவு வித்தியாசம்’ என்று பாருங்கள். மூன்று உயரம்: வரப்புக்குச் சற்றுக் கீழே, நடுவில், கீழே. ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு திசை: கிராங்க் ஷாஃப்ட் படுத்திருக்கும் திசையில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று. ஆறு எண்கள். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் கூம்புத் தேய்மானம், ஒரே உயரத்தில் இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் நீள்வட்டத் தேய்மானம்.

போர் கேஜைப் பிடிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மைக்ரோமீட்டரை 57.00-ல் பூட்டி, அதன் தாடைகளுக்கு நடுவே கேஜை வைத்து டயலைச் சுழியமாக்குங்கள். சிலிண்டருக்குள் இறக்கியதும் கைப்பிடியை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டுங்கள், தொட்டில் ஆட்டுகிற மாதிரி. முள் ஒரு பக்கம் ஓடும், ஓரிடத்தில் நின்று திரும்பும்; எந்த இடத்தில் விட்டம் மிகக் குறைவாகக் காட்டித் திரும்புகிறதோ அதுதான் அளவு, ஏனென்றால் சாய்ந்த கேஜ் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். அதே இடத்தில் மறுபடி மறுபடி எடுத்துப் பாருங்கள். 0.01-க்குள் ஒத்துவராவிட்டால் சிலிண்டரைக் குறை சொல்லாதீர்கள், கை இன்னும் பழகவில்லை.

போர் கேஜ் கிடைக்கவே இல்லையா? ஃபீலர் கேஜும் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) பழைய ரிங்கும் போதும், கூம்புத் தேய்மானத்தை ஆச்சரியப்படும் அளவு துல்லியமாகக் கண்டுபிடிக்கலாம். மேல் ரிங்கைக் கழற்றி வெறும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி நேராக உட்காரச் செய்யுங்கள். வரப்புக்குக் கீழே அதிகம் தேய்ந்த இடத்தில் ரிங் முனைகளுக்கு இடையே உள்ள வாயை ஃபீலர் கேஜால் அளங்கள். அப்புறம் கீழே, தேயாத இடத்துக்குத் தள்ளி மறுபடி அளங்கள். மேலே 0.62, கீழே 0.30 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.32. ரிங்கின் வாய் சுற்றளவோடு சேர்ந்து விரிவதால் இதை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தின் வித்தியாசம் வந்துவிடும்: ஏறக்குறைய 0.10 மி.மீ. இதில் அழகு என்னவென்றால் ரிங் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கணக்குப் பிசகாது, அதே ரிங்கைத்தானே இரண்டு இடத்திலும் வைக்கிறோம். ஆனால் நீள்வட்டத் தேய்மானம் இதில் தெரியாது, ரிங் சுற்றளவை மட்டுமே காட்டும். சாய்ந்து உட்கார்ந்த ரிங்கும் வாயைக் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

ரிங்கின் வாய் தனியாகவும் ஒரு சேதி சொல்கிறது. புதிதில் இந்த அளவு சிலிண்டருக்கு 0.15 முதல் 0.40 வரை இருக்கும்; பழைய ரிங் கீழே தேயாத இடத்திலேயே 0.8 காட்டினால் தேய்ந்தது ரிங், சிலிண்டர் இல்லை. அடுத்து பிஸ்டனின் ரிங் காடிகள். உடைந்த பழைய ரிங் துண்டால் கரியைச் சுரண்டுங்கள், அலுமினியத்தைச் சுரண்டிவிடாதீர்கள். பிறகு புது ரிங்கைக் காடியில் வைத்து மேலோ கீழோ உள்ள இடைவெளியை அளங்கள். பழைய ரிங்கை வைத்தால் ரிங் தேய்மானமும் காடித் தேய்மானமும் கலந்துவிடும். புதிதில் 0.02 முதல் 0.06 வரை இருக்கும். மேல் காடியில் புது ரிங்கே 0.15-க்கு ஆடினால் பிஸ்டனின் ஆயுள் முடிந்தது, ஸ்கர்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அப்படி ஆடும் ரிங், பிஸ்டன் ஒவ்வொரு முறை மேலும் கீழும் போகும்போதும் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். ‘ரிங் மாற்றினேன், புகை நிற்கவில்லை’ என்று வருகிறவர்களில் பலரிடம் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தக் காடி.

மேனுவலில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வரம்பு இருப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஹோண்டாவின் ஜிஎக்ஸ் 160 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள், பலருக்கும் தெரிந்த எஞ்சின். சிலிண்டர் புதிதில் 68.000, வரம்பு 68.165. பிஸ்டன் ஸ்கர்ட் 67.985, வரம்பு 67.845. இரண்டுக்கும் இடைவெளி வரம்பு 0.12. இப்போது சிலிண்டர் 68.130-ல் இருக்கிறது, வரம்புக்குள்தான். அதில் புத்தம் புது ஸ்டாண்டர்ட் பிஸ்டனையே போட்டாலும் இடைவெளி 0.145, வரம்பைத் தாண்டிவிட்டது. அதே மாதிரி வரம்புக்குள் இருக்கும் 67.850 பிஸ்டனைப் புது சிலிண்டரில் போட்டால் 0.15. தனித்தனியாக இரண்டும் பாஸ், சேர்ந்தால் ஃபெயில். அதனால் ‘சிலிண்டர் வரம்புக்குள் இருக்கிறது, பிஸ்டன் மட்டும் மாற்றுங்கள்’ என்று யாராவது சொன்னால் கழித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது மதிப்பீடு என்று பிரித்துவிடுகிறேன். பிஸ்டனை அளக்கும் இடம், ரிங் வாய்க் கணக்கு, மேலே அதிகம் தேயும் என்பது, இவை உறுதி. ரிங் மட்டும் மாற்றலாமா என்ற எல்லை மதிப்பீடுதான். உங்கள் எஞ்சினின் மேனுவல் வேறு எண் சொன்னால் என்னுடையதை விட்டுவிட்டு அதைப் பிடியுங்கள். நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது: கூம்பும் நீள்வட்டமும் 0.05-க்குள், மொத்த இடைவெளியும் வரம்புக்குள், நகம் தட்டும் கீறல் இல்லை என்றால், பளபளப்பை எடுக்க லேசாக ஹோனிங் போட்டுப் புது ரிங் மாட்டலாம், தாராளமாக ஓடும். 0.05-க்கும் 0.10-க்கும் நடுவே இருப்பது சச்சரவான பகுதி, உங்கள் இரண்டு மெக்கானிக்குகளும் அநேகமாக அங்கேதான் நிற்கிறார்கள். அங்கே ரிங் மட்டும் மாற்றினால் கொஞ்ச நாள் புகை குறையும். நீள்வட்டச் சுவரில் புது ரிங் முழுதாகப் பதிய நேரமெடுக்கும், பதியாமலே போகவும் கூடும். எப்போதாவது ஓட்டும் எஞ்சின் என்றால் அதுவே போதும் என்பேன், தினமும் பாரம் இழுப்பது என்றால் ரீபோர் என்பேன். 0.10-க்கு மேல் பேச்சே இல்லை, ரீபோர்தான். இதில் எல்லாவற்றிலும் ஒரு ஐயம் ஒட்டிக்கொண்டே இருக்கும்: மேசை மேல் அளக்கும் சிலிண்டர், ஹெட்டை வைத்துப் போல்ட்டுகளை முறுக்கிய பிறகு அதே வடிவத்தில் இருக்காது, சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நெளியும். நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து நான் எந்தத் தேய்மானத்தையும் சொல்ல முடியாது என்பதும் உண்மை. படத்தில் பயங்கரமாகத் தெரியும் கோடு கையில் ஒன்றுமில்லாமல் போகும், பளிச்சென்று தெரியும் சுவர் 0.12 தேய்ந்திருக்கும்.

ரீபோர் என்று முடிவானால் முதலில் ஓவர்சைஸ் (சற்றுப் பெரிய அளவு) பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் சிலிண்டரைக் கொடுங்கள். 0.25, 0.50, 0.75, 1.00 என்று வரும், ஆனால் டப்பாவில் எழுதியிருப்பதை நம்பிப் போர் போடக் கூடாது. அந்தப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதோடு வேண்டிய இடைவெளியைக் கூட்டி வரும் அளவுக்குத்தான் ஹோனிங் முடிய வேண்டும். வாங்கி வந்ததும் ஆறு அளவையும் நீங்களே மறுபடி எடுங்கள், பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், நல்லவராக இருந்தால் சந்தோஷப்படுவார். புது ரிங்கின் வாயையும் பாருங்கள், குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். கழுவுவது பெட்ரோலில் இல்லை, சோப்பும் சுடுநீரும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து. வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்தால் சாம்பல் நிறம் வராமல் போகும் வரை. ஹோனிங் கல்லின் பொடி மிச்சம் இருந்தால் புது ரிங்கை அதுவே தின்றுவிடும். காய்ந்ததும் உடனே ஆயில் பூசுங்கள், வெறும் வார்ப்பிரும்பு சீக்கிரம் துரு ஏறும்.

ஒரு எச்சரிக்கை, உங்கள் சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ் (உள் உறை) இருக்கிறதா என்று காந்தத்தை உள்ளே வைத்துப் பாருங்கள். நன்றாகப் பிடித்து இழுத்தால் இரும்பு, மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். அப்படிப் பிடிக்காவிட்டால் அது அலுமினியத்தின் மேல் நிக்கல் சிலிக்கான் கார்பைடு போன்ற கடினப் பூச்சு போட்டதாக இருக்கலாம்; இரண்டு ஸ்ட்ரோக்கில் இது அதிகம், நான்கு ஸ்ட்ரோக்கிலும் உண்டு. அதைச் சாதாரணமாக ரீபோர் செய்ய முடியாது, பூச்சு உரிந்திருந்தால் மறுபூச்சு அல்லது புது சிலிண்டர், உரியவில்லை என்றால் பெரும்பாலும் பிஸ்டன் மாற்றினாலே முடிந்தது.

கடைசியாக, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் முன் ஹெட்டையும் பாருங்கள். நீலப் புகை எப்போது வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது வந்தால் ரிங், சிலிண்டர் பக்கம் சந்தேகம். வேகமாக ஓட்டி ஆக்சிலரேட்டரை மூடி, மறுபடி திறக்கும்போது குப்பென்று வந்தாலோ, ராத்திரி நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வந்து நின்றாலோ, வால்வு கைடும் (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) அங்கே ஆயிலைத் தடுக்கும் சீலும்தான். வால்வைச் சற்றே திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், தெளிவாக ஆடினால் அங்கே வேலை இருக்கிறது. இரண்டும் கலந்து வருவதும் உண்டு. சிலிண்டரின் ஆறு அளவு, ஸ்கர்ட் அளவு, ரிங் வாய் மேலும் கீழும், மேல் காடியின் இடைவெளி, இவற்றோடு புகை வந்த நேரத்தையும் எழுதுங்கள். அப்புறம் இரண்டு மெக்கானிக்குகளில் யார் பக்கம் நிற்பது என்று சொல்கிறேன்.